எண்ணெய் அனுப்புவதா, எல்லையில் நிற்பதா, கான்ஸ்டன்டைன் போவதா? 1806-ல் ஹம்மூதா பாஷாவின் முன் இருந்த வழிகள்

1806-ல் வட ஆப்பிரிக்காவில் துனிஸை ஆண்ட ஹம்மூதா பாஷா ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து நாடான அல்ஜியர்ஸுக்கு வருஷாவருஷம் போகும் கப்பத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா? நிறுத்தினால் போர் வரும். வந்தால் எங்கே நின்று சண்டை போடுவது? அவர் என்ன செய்தார் என்பது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவருக்கு முன்னால் வேறு வழிகளும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய நூறு வருஷத்தில் அதே மண்ணில், அதே இரண்டு நாடுகளுக்கு இடையில், ஒரு முறையாவது செய்து பார்க்கப்பட்டவை. அதனால் இந்த ஒப்பீட்டில் ஊகத்துக்கு அதிக வேலை இல்லை.

பின்னணி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துனிஸும் அல்ஜியர்ஸும் பெயரளவில் உஸ்மானியப் பேரரசின் மாகாணங்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் இரண்டு இடத்திலும் ஒரே சுல்தானின் பெயர்தான் வரும். நாணயத்திலும் அப்படியே. ஆனால் ஆட்சி நடக்கும் விதம் முற்றிலும் வேறு. அல்ஜியர்ஸில் அனத்தோலியாவிலிருந்து ஆள் எடுத்துக் கொண்டுவந்த துருக்கி ஜானிசரி சிப்பாய்களின் கை ஓங்கியிருந்தது. டே என்று அழைக்கப்பட்ட ஆட்சியாளரை உட்கார வைப்பவர்கள் அவர்கள்தான். பிடிக்காமல் போனால் கொல்பவர்களும் அவர்கள்தான். துனிஸில் 1705 முதல் ஹுசைன் பின் அலி என்பவரின் குடும்பம் பரம்பரையாக ஆண்டது. இந்த வித்தியாசம் முக்கியம். நான் சொல்லப்போகும் எல்லாமே கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

கப்பம் எப்படி வந்தது? அதுவே ஒரு குடும்பச் சண்டையின் கதை. ஹுசைன் பின் அலி தன் சகோதரர் மகன் அலியை வாரிசு போல வளர்த்தார். அப்புறம் தனக்கே மகன்கள் பிறந்ததும் அலியை ஓரங்கட்டினார். அலி 1728-ல் கலகம் செய்து தோற்று, அல்ஜியர்ஸுக்கு ஓடினார். 1735-ல் அல்ஜியர்ஸ் படையோடு திரும்பி வந்தார். ஸ்மிஞ்சா என்ற இடத்தில் ஹுசைன் வெளிக்களத்தில் எதிர்கொண்டு தோற்று, கைரவானுக்குள் போய் அடைந்துகொண்டார். 1740-ல் அலியின் மகன் யூனுஸ் அவரைக் கொன்றார். உதவி செய்த அல்ஜியர்ஸுக்கு அலி பாஷா பணம் கட்ட வேண்டியதாயிற்று. சரி, கதை முடிந்ததா என்றால் இல்லை. ஹுசைனின் மகன்கள் இப்போது அல்ஜியர்ஸ் பக்கம் தஞ்சம் போயிருந்தார்கள். 1756-ல் அவர்கள் அதே அல்ஜியர்ஸ் படையோடு வந்து துனிஸைப் பிடித்தார்கள். அலி பாஷா கொல்லப்பட்டார். இந்த முறை கூலி, ஆண்டுதோறும் ஆலிவ் எண்ணெய். அல்ஜியர்ஸ் மசூதிகளின் விளக்குகளுக்கு என்று பெயர்.

அப்படித் திரும்பி வந்த மகன்களில் இளையவரின் பிள்ளைதான் ஹம்மூதா பாஷா. அவருடைய அப்பா அரியணை ஏறியதே அல்ஜியர்ஸ் துப்பாக்கிகளின் தயவில்தான். கப்பத்தை நிறுத்துவது என்றால் அந்தக் கடனை மறுப்பது என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள்.

1782-ல் பதவிக்கு வந்த ஹம்மூதா 1806-க்குள் நன்றாக வேரூன்றியிருந்தார். வெனிஸோடு 1784 முதல் 1792 வரை நடந்த போரில் அட்மிரல் ஆஞ்செலோ எமோ ஸூஸ், ஸ்ஃபாக்ஸ் துறைமுகங்களைக் குண்டுவீசி நொறுக்கியும் அவர் பணிந்துவிடவில்லை. 1795-ல் திரிபோலிக்குப் படை அனுப்பி, அங்கே விரட்டப்பட்டிருந்த கரமான்லி குடும்பத்தை மறுபடி உட்கார வைத்தார். நெப்போலியன் காலப் போர்களால் ஐரோப்பாவில் கோதுமை விலை ஏறியிருந்தது. துனிஸின் வியாபாரம் செழித்தது. அவர் காலத்தில் நகரத்தில் பீரங்கி வார்க்கும் பட்டறை வந்தது. டச்சுப் பொறியாளர் ஹம்பர்ட் லா குலெத் துறைமுக வேலைகளுக்காக 1796-ல் வந்து சேர்ந்தார். ஆக, கையில் காசும் இருந்தது, பீரங்கியும் இருந்தது.

எதிர்ப்பக்கம் நேர்மாறு. 1804-ல் கிழக்கு மலைகளில் இப்னுல் அஹ்ரஷ் கிளப்பிய கலகம் அல்ஜியர்ஸின் கிழக்கு மாகாணத் தலைநகரான கான்ஸ்டன்டைனின் மதில் வரை வந்துவிட்டது. அடுத்த வருஷம் மேற்கே ஒரான் பக்கத்தில் இன்னொரு கலகம். 1805-ல் அல்ஜியர்ஸின் தானிய ஏற்றுமதியைக் கையில் வைத்திருந்த பூஸ்னாஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். கொஞ்ச நாளில் டே முஸ்தஃபாவும் கொல்லப்பட்டார். புதிதாக வந்தவர் டே அஹ்மத். துனிஸில் உட்கார்ந்து பார்க்கும் யாருக்கும் இதுதான் சமயம் என்று தோன்றியிருக்கும். தோன்றியதில் தப்பும் இல்லை. எதற்கான சமயம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் வழி, வாயை மூடிக்கொண்டு எண்ணெய் அனுப்புவது. இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. துனிஸின் கிழக்குக் கடற்கரை முழுக்க ஆலிவ் தோப்புகள். எண்ணெய் அந்த நாட்டை ஓட்டாண்டி ஆக்கும் சரக்கு இல்லை. ஒரே ஒரு கோடைப் படையெடுப்புக்கு ஆகும் சம்பளம், தீவனம், வெடிமருந்து, பழங்குடித் தலைவர்களுக்கான அன்பளிப்பு இதையெல்லாம் கூட்டினால், பல வருஷக் கப்பத்தைத் தாண்டிவிடும் என்றுதான் நினைக்கிறேன். எல்லை தாண்டும் வியாபாரமும் தடைபடாது. துனிஸ் நெசவாளிகளின் சிவப்புத் தொப்பியான ஷேஷியா கான்ஸ்டன்டைன் சந்தைக்குப் போகும். அங்கிருந்து கம்பளியும் கால்நடையும் வரும்.

இதன் குறை பணக்கணக்கில் இல்லை. கப்பம் கட்டும் வரை துனிஸ் ஆட்சியாளர் தனக்குக் கீழ்ப்பட்டவர் என்று அல்ஜியர்ஸ் சொல்லிக்கொள்ளலாம். குடும்பத்தில் யாராவது முறுக்கிக்கொண்டு போனால் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு, கப்பத்தைக் கூட்டிக் கேட்கலாம். 1735-லும் 1756-லும் நடந்தது அதுதான். இன்றைக்கு எண்ணெய் மலிவு, நாளைய விலை யாருக்கும் தெரியாது என்பதுதான் இந்த வழியின் சிக்கல்.

இரண்டாவது வழி, இஸ்தான்புல்லில் முறையிடுவது. கேட்க நன்றாக இருக்கும். இருவருக்கும் மேலே ஒரு சுல்தான் இருக்கிறார். அவர் பத்திரம் அனுப்பினால்தான் இருவரும் சட்டப்படி ஆட்சியாளர்கள். அவர் கையில் நிஜமான ஒரு பிடியும் உண்டு. அனத்தோலியாவில் சிப்பாய் சேர்க்க அனுமதி தருவது அவர்தான். அதை நிறுத்தினால் அல்ஜியர்ஸ் பட்டாளம் சில வருஷத்தில் மெலிந்துவிடும். ஆனால் 1806-ன் கடைசியில் ரஷ்யாவோடு போர் தொடங்கிவிட்டது. 1807 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பற்படை டார்டனெல்ஸ் வழியே புகுந்து தலைநகருக்கு எதிரிலேயே நின்றது. மே மாதக் கடைசியில் சுல்தான் மூன்றாம் செலிம் பதவியிலிருந்தே இறக்கப்பட்டார். அந்த வருஷம் இஸ்தான்புல்லில் வட ஆப்பிரிக்கப் பஞ்சாயத்தைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. நல்ல வழிதான், தப்பான வருஷம். பதினாலு வருஷம் கழித்து இதே வழி வேலை செய்தது.

கடலில் மோதுவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கடலில் அல்ஜியர்ஸின் கை ஓங்கியிருந்தது. 1811-ல் ராயிஸ் ஹமீது என்ற அல்ஜியர்ஸ் தளபதி துனிஸின் போர்க்கப்பல் ஒன்றையே பிடித்துக்கொண்டு போனார்.

மீதி இருப்பவை மூன்று. மூன்றும் கப்பத்தை நிறுத்திவிட்டுச் சண்டைக்குத் தயாராவதுதான். வித்தியாசம் எந்த இடத்தில் நின்று சண்டை போடுவது என்பதில்.

துனிஸ் நகர மதிலுக்குள் இருந்துகொண்டு காத்திருப்பது ஒன்று. இதற்கு 1705 நல்ல உதாரணம். அந்த ஜூலையில் அப்போதைய ஆட்சியாளர் இப்ராஹீம் ஷரீஃப் எல்லைப் பக்கத்து ஊரான கெஃப் அருகே அல்ஜியர்ஸ் படையிடம் சிறைப்பட்டார். தப்பி வந்த ஹுசைன் பின் அலியைத் துனிஸ் அவசர அவசரமாகத் தலைவராக்கியது. அவர் மதிலைப் பலப்படுத்திக்கொண்டு உள்ளே இருந்தார். பணம் தருகிறேன் என்று கூடச் சொல்லிப் பார்த்தார். டே ஹாஜி முஸ்தஃபா கேட்கவில்லை. அக்டோபர் வந்தது. மழை வந்தால் மஜர்தா ஆற்றுச் சமவெளி சேறாகிவிடும், ஊர் திரும்ப வாரக்கணக்கில் நடக்க வேண்டும். முற்றுகையை விட்டுவிட்டு டே திரும்பினார். தோற்றுத் திரும்பிய டேயை அல்ஜியர்ஸ் சிப்பாய்கள் விட்டு வைக்கவில்லை, கொன்றுவிட்டார்கள். ஹுசைன் குடும்பம் 1957 வரை துனிஸில் இருந்தது. உட்கார்ந்தே ஜெயித்த சண்டை என்றால் அதுதான்.

ஆனால் இதே வழி 1694-ல் தோற்றது. 1756-லும் தோற்றது. 1694-ல் டே ஹாஜி ஷாபான் திரிபோலியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வந்தார். துனிஸ் சுமார் மூன்று மாதம் தாங்கி, நவம்பரில் விழுந்தது. மதில் அதே மதில், காலம் அதே கோடை முடிவு. அப்படியிருக்க 1705-ல் மட்டும் ஏன் தாங்கியது?

நான் கவனித்த வரையில் பதில் இது. 1694-ல் அல்ஜியர்ஸ் படையோடு இப்னு ஷுக்ர் என்பவர் வந்தார், துனிஸ் ஆட்சிக்கு உரிமை கேட்டுக்கொண்டு. 1735-ல் சகோதரர் மகன் அலி. 1756-ல் ஹுசைனின் மகன்கள். ஒவ்வொரு முறையும் அல்ஜியர்ஸ் கூடவே ஒரு மாற்று ஆட்சியாளரைக் கொண்டுவந்தது. அப்போது நகரத்துக்குள் இருப்பவர்கள், எல்லைப் பழங்குடிகள், கோட்டைக் காவலர்கள் எல்லாருக்கும் ஒரு கணக்கு ஓடும். வருகிறவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே, முந்திக்கொண்டு அவன் பக்கம் போனால் நமக்கு நல்லதாயிற்றே என்று. 1705-ல் அப்படி ஆளில்லை. இப்ராஹீம் ஷரீஃப் அவர்களிடம் கைதியாக இருந்தார், அவ்வளவுதான். அவருக்காக உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட யாரும் தயாராக இல்லை. வெறும் அந்நியப் படையாக வந்தது, அந்நியப் படையாகவே திரும்பியது.

மாற்று ஆட்சியாளர் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். 1746-ல் ஹுசைனின் மகனோடுதான் அல்ஜியர்ஸ் படை வந்தது, கெஃப் கோட்டையைத் தாண்ட முடியாமல் திரும்பியது. ஆனால் அப்படி ஆளில்லாமல் வந்து அல்ஜியர்ஸ் துனிஸைப் பிடித்த சம்பவம் இந்தப் பட்டியலில் இல்லை.

1806-ல் அந்தச் சீட்டு யார் கையில் இருந்தது? ஹம்மூதாவின் பெரியப்பா மகன்கள் மஹ்மூதும் இஸ்மாயிலும்தான் குடும்பத்தில் உரிமை கேட்கக்கூடியவர்கள். இருவரும் துனிஸ் ஆட்சியாளரின் அரண்மனையான பார்தோவிலேயே, ஹம்மூதாவின் கண்ணெதிரில் வாழ்ந்தார்கள். அல்ஜியர்ஸில் தஞ்சம் புகுந்த துனிஸ் இளவரசர் என்று சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை. கான்ஸ்டன்டைன் கலகத்தைவிடவும், டே கொலையைவிடவும், கப்பத்தை நிறுத்த இதுதான் பலமான காரணம் என்பேன்.

இருந்தாலும் தலைநகருக்குள் ஒடுங்குவதில் ஒரு பெரிய நஷ்டம் உண்டு. அல்ஜியர்ஸ் படை வருவது கோடையில். அந்த நேரத்தில் கெஃப், பாஜா பக்கத்து வயல்களில் கோதுமை அறுத்துக் களத்தில் கிடக்கும். எதிரிக்கு அதைவிட வசதி கிடையாது. குதிரைக்கு வைக்கோல், ஆளுக்கு ரொட்டி, எல்லாம் நம் செலவில். வருஷந்தோறும் கோடையில் பாஜா பக்கம் போகும் வரிவசூல் படையும் அந்த வருஷம் வெறுங்கையோடு உட்கார வேண்டும். முற்றுகை தோற்றாலும், கருவூலத்துக்கு வர வேண்டிய ஒரு வருஷ வருமானம் போய்விடும். 1705-ல் ஹுசைனுக்கு வேறு வழியில்லை. காசும் பீரங்கியும் இருந்த ஹம்மூதாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அடுத்தது கெஃப். துனிஸுக்குத் தென்மேற்கே சுமார் 170 கிலோமீட்டரில், மலைச்சரிவில் ஏறி நிற்கும் ஊர். மேலே கோட்டை, கீழே பள்ளத்தாக்கு. கான்ஸ்டன்டைனிலிருந்து வரும் பாதை இதை ஒட்டித்தான் துனிஸுக்குப் போகும். அதற்கும் மேற்கே, மல்லெக் ஆற்றில் கலக்கும் ஸர்ராத் ஓடை. 1614-ல் இரண்டு நாடுகளும் எல்லை பேசியபோது குறிப்பிட்ட ஓடை இதுதான். கோடையில் தண்ணீர் பெயருக்குத்தான் இருக்கும். அல்ஜியர்ஸிலிருந்து கான்ஸ்டன்டைனுக்கே 400 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பீபான் கணவாய் வேறு, அங்கே மலைக்காரர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் துருக்கிப் படையே கடக்கும். அதையெல்லாம் தாண்டி, கான்ஸ்டன்டைனிலிருந்தும் பல நாள் நடந்து, ஆடி மாத வெயிலில் ஸர்ராத் வந்து சேரும் படையை, பக்கத்தில் தானியக் கிடங்கும் கோட்டையும் வைத்துக்கொண்டு எதிர்கொள்வதுதான் இந்த வழி. தோற்றாலும் பின்னால் கெஃப் இருக்கிறது. அதுவும் போனால் தலைநகர் மதில் இருக்கிறது. விளைச்சலும் பெரும்பாலும் தப்பும்.

இதன் அபாயம் யார் சண்டை போடுவது என்பதில் இருந்தது. துனிஸிலும் துருக்கிச் சிப்பாய்கள் உண்டு. எதிரே நிற்பவர்களும் அதே அனத்தோலிய ஊர்க்காரர்கள், அதே மொழி, அதே பட்டாளப் பழக்கம். அவர்களை நம்பி வெளிக்களத்தில் நிற்பது ஆபத்து. அதற்கு மாற்றாக ஹம்மூதா வைத்திருந்தது ஸுவாவா என்ற மலைநாட்டுக் காலாட்படை, அரசுக்கு வேலை செய்யும் பழங்குடிக் குதிரைப்படை, அடிமையாக வாங்கப்பட்டு அரண்மனையில் வளர்ந்த மம்லூக் அதிகாரிகள். இவர்களுக்குத் தொடர்ந்து சம்பளம் போட்டால்தான் வேலை நடக்கும். கோதுமைக் காசு அதற்குப் போதுமானதாக இருந்தது.

கடைசி வழி, எதிரி வரும்வரை காத்திருக்காமல் நாமே போய்க் கான்ஸ்டன்டைனைப் பிடித்துவிடுவது. ஆசை காட்டும் வழி. அல்ஜியர்ஸின் கிழக்கு மாகாணம் முழுவதற்கும் அதுதான் தலைநகர். அது கைக்கு வந்தால் கப்பம் என்ற பேச்சே எழாது. போர் நடப்பதும் அவர்கள் வயலில். அதோடு ஹம்மூதாவிடம் ஒரு ஆளும் இருந்தார். கான்ஸ்டன்டைனை முன்பு ஆண்டு, பதவி பறிக்கப்பட்டு, துனிஸுக்கு ஓடி வந்திருந்த முஸ்தஃபா இங்கிலீஸ். தன்னைக் கண்டால் ஊரே திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இருந்தவர். அதாவது, நூறு வருஷமாக அல்ஜியர்ஸ் துனிஸிடம் ஆடிய ஆட்டத்தை இப்போது துனிஸ் திருப்பி ஆடிப் பார்க்கலாம்.

எனக்கு இங்கேதான் கணக்கு உதைக்கிறது. துனிஸ் ஆட்சி ஒரு குடும்பத்தின் சொத்து. அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் வந்தால் பாதி உரிமை கூடவே வரும். கான்ஸ்டன்டைன் அப்படியில்லை. அங்கே இருப்பவர் அல்ஜியர்ஸ் டே நியமித்த அதிகாரி. டே சொன்னால் இருப்பார், இல்லையென்றால் போவார். பதவி போன பிறகு அவரிடம் சொந்தச் செல்வாக்கு கொஞ்சம் மிஞ்சலாம். ஆட்சி உரிமை என்று ஒன்றும் மிஞ்சாது. போதாக்குறைக்கு, 1806-ல் அங்கே பதவியில் இருந்தவர் ஹுசைன், அந்த ஊர் மறக்காத பழைய ஆட்சியாளர் ஸாலிஹின் மகன். ஊர்ச் செல்வாக்கு என்று பார்த்தாலும் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

ஊரின் அமைப்பும் ஒத்துழைக்காது. கான்ஸ்டன்டைன் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. ருமேல் ஆறு அதைச் சுற்றி ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கிழக்குப் பக்கம் பள்ளத்தைத் தாண்ட இருந்தது ஒரு பாலம், அதை ஸாலிஹ் தன் கடைசிக் காலத்தில் புதுப்பித்திருந்தார். தரைவழியாக ஓரளவு ஒட்டியிருப்பது தென்மேற்கு முனை மட்டுமே, அங்கேதான் மதிலும் வாசல்களும். பீரங்கி வைக்க அந்தப் பக்கம்தான் தோது. 1836-ல் பிரெஞ்சுப் படையே முயன்று தோற்றுத் திரும்பியது. மறுவருஷம் கனரகப் பீரங்கிகளோடு வந்து, தளபதி தாம்ரெமோனையே பலி கொடுத்துத்தான் உள்ளே நுழைய முடிந்தது. 1700-ல் துனிஸின் மூன்றாம் முராதும் இதே ஊரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். விழவில்லை. அல்ஜியர்ஸிலிருந்து உதவிப்படை வந்து, ஸெதீஃப் பக்கத்தில் அவரைத் தோற்கடித்தது. இரண்டு வருஷத்தில் அவரையும் அவர் குடும்பத்து ஆண்களையும் தன் அதிகாரியான இப்ராஹீம் ஷரீஃபே கொன்று முடித்தார். இவ்வளவு தெளிவான முன்னுதாரணம் ஆட்சியாளர்களுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

ஹம்மூதா அந்த வழியைத்தான் எடுத்தார். 1807 தொடக்கத்தில் சுலைமான் காஹியா தலைமையில் படை கிளம்பிக் கான்ஸ்டன்டைனை முற்றுகையிட்டது. ஊர் தாங்கியது. முஸ்தஃபா இங்கிலீஸுக்காக யாரும் வாசலைத் திறக்கவில்லை. அல்ஜியர்ஸிலிருந்து உதவிப்படை வந்தது. துனிஸ் படை உடைந்து, பீரங்கிகளையும் கூடாரங்களையும் விட்டுவிட்டு ஓடியது. 1700 அப்படியே திரும்பி நடந்தது போல.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். ஜெயித்த அல்ஜியர்ஸ் படை நிற்காமல் துனிஸைப் பார்த்து வந்தது. ஹம்மூதாவுக்கு இப்போது வேறு தெரிவே இல்லை. ஒதுக்கி வைத்திருந்த எல்லை வழிக்கே வந்து சேர்ந்தார். சிதறிய படையைத் திரட்டும் பொறுப்பை மந்திரி யூசுஃப் ஸாஹிப் அத்தாபாவிடம் கொடுத்தார். மொல்தாவியாவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, பார்தோவில் முத்திரை காப்பவராக உயர்ந்தவர் அவர். வியாபாரத்திலும் கெட்டிக்காரர். 1807 ஜூலை 14-ல் ஸர்ராத் ஓடையில் இரண்டு படைகளும் மோதின. துனிஸ் ஜெயித்தது. அல்ஜியர்ஸ் படை கூடாரங்களைப் போட்டுவிட்டு வந்த வழியே போனது. இளவரசர் யாரும் கூட வராத படை, தன் ஊரிலிருந்து வெகுதூரத்தில், கோடையில். 1705-ல் மதிலுக்கு முன்னால் நடந்தது இங்கே ஓடைக்கரையில் நடந்தது.

தாக்குதல் வழிக்காகப் பேசுபவர்கள் ஒன்று சொல்வார்கள்: கான்ஸ்டன்டைன் போனதால்தான் அல்ஜியர்ஸ் படை அங்கேயே பாதி களைத்தது, அதனால்தான் ஸர்ராத்தில் தோற்றது என்று. கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரண்டாவது சண்டைக்கு வந்தவர்கள் ஏற்கெனவே ஒரு நீண்ட நடையையும் ஒரு சண்டையையும் முடித்தவர்கள். ஆனால் அதே தோல்வி துனிஸ் படையையும் அல்லவா சிதறடித்தது? நல்ல பீரங்கிகள் கான்ஸ்டன்டைன் மேட்டில் போய்விட்டன. முதலிலேயே கெஃபில் நின்றிருந்தால் ஸர்ராத்துக்கு வந்திருக்கக்கூடிய படை, நிஜத்தில் வந்ததைவிடப் பெரியதாகவும் தெம்பாகவும் இருந்திருக்கும். ஹம்மூதாவைக் காப்பாற்றியது அவர் முதலில் வேண்டாம் என்று விட்ட வழி. இரண்டு தவறு செய்ய அவருக்கு இடம் இருந்தது, கருவூலம் நிறைந்திருந்ததால். அந்த வசதி மூன்றாம் முராதுக்கு இருக்கவில்லை.

எண்ணெய் அனுப்பிக்கொண்டே இருந்திருந்தால்? அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1805-க்கும் 1817-க்கும் நடுவில் அல்ஜியர்ஸில் அடுத்தடுத்து ஆறு டேக்கள் கொல்லப்பட்டார்கள். தானாக ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக்குக் கப்பம் கட்டிக்கொண்டு இன்னும் சில வருஷம் பொறுத்திருக்கலாமே என்று கேட்கலாம். பொறுத்திருந்தால் ஹம்மூதாவின் காலத்தில் போரே வந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் அவர் 1814 செப்டம்பரில் இறந்தார். அந்த டிசம்பரிலேயே அவருக்கு அடுத்து வந்த தம்பி உஸ்மான் கொல்லப்பட்டு, மஹ்மூது ஆட்சியைப் பிடித்தார். ஜனவரியில் யூசுஃபும் கொல்லப்பட்டார். குடும்பத்துக்குள் ரத்தம் சிந்திய அந்த வேளையில் கப்பமும் அல்ஜியர்ஸின் மேலாதிக்கமும் பழையபடி இருந்திருந்தால், தப்பியோடும் ஒரு இளவரசர் அடுத்த 1735-ஐத் தொடங்கி வைத்திருக்கலாம். ஹம்மூதா இருக்கும்போதே கணக்கை முடித்தது நல்லதாகப் போயிற்று.

ஸர்ராத்துக்குப் பிறகும் அல்ஜியர்ஸ் விடவில்லை. 1808-ல் துனிஸ்மேல் மறுபடி போகத் திரட்டிய படை, கான்ஸ்டன்டைனிலேயே கலகம் செய்து தன் மாகாண ஆட்சியாளரைக் கொன்றது. அந்த வருஷக் கடைசியில் டே அஹ்மதும் கொல்லப்பட்டார். 1813-ல் இன்னொரு படை கெஃப் வரை வந்து திரும்பியது. எல்லையில் நிற்கும் வழி ஒரு முறை மட்டும் அதிர்ஷ்டத்தால் ஜெயித்தது என்று சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

அந்த வழிக்கும் ஒரு பின்விளைவு இருந்தது. ஸுவாவாவுக்கும் மம்லூக்குகளுக்கும் மவுசு கூடக் கூட, துனிஸில் இருந்த துருக்கிச் சிப்பாய்கள் பொருமினார்கள். 1811 ஆகஸ்ட் கடைசியில் கலகம் செய்து நகரக் கோட்டையான கஸ்பாவைப் பிடித்தார்கள். ஹம்மூதா அதை ரத்தத்தில்தான் அடக்கினார். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் எல்லை வழியைப் புகழ்வது சரியில்லை.

1821-ல் இஸ்தான்புல் நடுவில் நின்று இரண்டு பேரையும் சமாதானம் செய்து வைத்தது. கிரேக்கர்கள் கிளர்ந்தெழுந்த வருஷம் அது, சுல்தானுக்கு இரண்டு நாட்டுக் கப்பல்களும் வேண்டியிருந்தது. கப்பம் திரும்பி வரவில்லை. கான்ஸ்டன்டைன் ஆசை மட்டும் இன்னொரு முறை தலைகாட்டியது. 1830-ல் அல்ஜியர்ஸ் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்ததும், தளபதி கிளோசெல் டிசம்பரில் துனிஸோடு ஒப்பந்தம் போட்டு, துனிஸ் ஆட்சியாளரின் சகோதரரைக் கான்ஸ்டன்டைனுக்கு நியமிக்க ஏற்பாடு செய்தார். பாரிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 1837 வரை ஊர், அதை ஏற்கெனவே ஆண்டுவந்த அஹ்மத் பே கையிலேயே இருந்தது.